தேர்தல் பஞ்சாங்கமும் டீசல் விலையும்

சிங்கம்புணரிக்கு ரெயில் கிடையாது. சேவுகப்பெருமாள் அய்யனார் சந்நிதியைச் சுற்றி வளர்ந்த இவ்வூருக்கு வெளியிலிருந்து சரக்கு வருவதும், இங்கிருந்து கயிறு போவதும் சாலை வழியாகத்தான். தேங்காய் மட்டையை நாராக்கி, நாரைக் கயிறாகத் திரித்து வெளியூருக்கு அனுப்புவது இவ்வட்டாரத்தின் பெருந்தொழில். மட்டை தோப்பிலிருந்து மில்லுக்கு வந்து சேர டீசல் வேண்டும். நார்க்கட்டு தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேரவும் டீசல் வேண்டும். பக்கத்தில் இருப்பது பிரான்மலை. முல்லைக்குத் தேரை ஈந்த பாரி அந்த மலையில் ஏறி நடந்தே வீடு திரும்பியிருக்கலாம். நமது கயிற்று வியாபாரியோ லாரியைக் கொடுத்துவிட்டுத் தூத்துக்குடிக்கு நடந்துபோக இயலாது.

அத்தகைய வியாபாரி ஒருவர் நம்மிடம் கூறிய வழக்குதான் இக்கட்டுரைக்குக் காரணம். 2022 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், மூன்று மாத காலத்துக்கு இன்ன விலையில் நார் கொண்டுவந்து சேர்ப்பதாக அவர் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். லாரி வாடகை அந்த விலைக்குள் அடக்கம். எழுதும்போது டீசல் விலை மூன்று மாதங்களாக அசையாமல் நின்றிருந்தது. மார்ச் 22 ஆந் தேதி அது அசையத் தொடங்கிற்று. பதினாறு நாட்களில் பதினான்கு முறை ஏறி, லிட்டருக்கு 10 ரூபாய் கூடிற்று. சிங்கம்புணரியிலிருந்து துறைமுகம் போய்வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், நடைக்கு 100 லிட்டர் ஆகிறது. ஆகவே ஒவ்வொரு நடைக்கும் ஆயிரம் ரூபாய் அவர் கைப்பொறுப்பாயிற்று. “ஐயா, பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தேர்தல் கமிஷன் போட்ட தேதியைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்” என்றார்.

இது வெறும் மனக்கசப்பில் பிறந்த சந்தேகமா, அன்றி உண்மையா என்பதை நேயர்கள் தேதிகளைக் கொண்டே தீர்மானிக்கலாம். கட்சி மேடைகளில் பேசப்படுவதை நாம் இங்கே சாட்சியமாக ஏற்கவில்லை.

2021 நவம்பர் 4 ஆந் தேதி முதல் 2022 மார்ச் 21 ஆந் தேதி வரையில், 137 நாட்கள், பெட்ரோல் டீசல் விலைகளில் எண்ணெய்க் கம்பெனிகள் கைவைக்கவில்லை. அவ்விடைக் காலத்தில் உத்தரப் பிரதேசம், பஞ்சாப், உத்தராகண்டம், கோவா, மணிப்பூர் ஆகிய ஐந்து மாகாணங்களில் தேர்தல் நடந்தது. மார்ச் 10 ஆந் தேதி முடிவுகள் வெளிவந்தன. இதற்கிடையே உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சும்மா இருந்ததா? இல்லை. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. பீப்பாய் 82 டாலர் அளவில் நின்ற விலை 100 டாலரைத் தாண்டிப் பறந்தது. அந்நாட்களில் நமது கம்பெனிகள் ஏறத்தாழ 19,000 கோடி ரூபாய் வருவாய் இழந்தன என்று மூடிஸ் என்னும் மதிப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டது. அதே மார்ச்சு மாதத்தில், மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு மட்டும் விலை லிட்டருக்கு 25 ரூபாய் அளவு உயர்த்தப்பட்டது. மொத்தமாக வாங்கும் ஆலைக்கு ஓட்டுரிமை இல்லை. பங்கில் வரிசை நிற்பவனுக்கு உண்டு. இவ்வேற்றுமைக்கு வேறு காரணம் சொல்ல வல்லார் சொல்லட்டும்.

ஒரு முறை நேர்ந்தது என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். 2018 ஆம் ஆண்டில் கர்நாடகத் தேர்தல் மே 12 ஆந் தேதி. தினந்தோறும் விலையைத் திருத்துவது என்ற ஏற்பாடு 2017 ஜூன் 16 முதல் தேசமெங்கும் அமலில் இருந்தது. ஆயினும் ஏப்ரல் 24 முதல் மே 13 வரையில் விலை ஒரு பைசாவும் நகரவில்லை. வாக்குப்பதிவு முடிந்து ஒரு நாள் கழித்து, மே 14 ஆந் தேதி, பெட்ரோல் 17 பைசாவும் டீசல் 21 பைசாவும் ஏறின. தொடர்ந்து பதினாறு நாட்கள் ஏற்றம். பின்னர் மே 30 ஆந் தேதி குறைப்பு என்று அறிவித்தார்கள். முதலில் 60 பைசா என்று வந்த செய்தி, கணக்குப் பிழை என்று திருத்தப்பட்டு 1 பைசா ஆயிற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இது பொரியும் அன்று, பொரியின் உமி.

நமது மாகாணத்துக்கு வருவோம். 2021 பிப்ரவரி 26 ஆந் தேதி தமிழ்நாடு, கேரளம், வங்காளம், அஸ்ஸாம், புதுச்சேரித் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. மறுநாளுக்குப் பின் விலை ஏற்றம் நின்றது. மார்ச்சு பிற்பகுதியிலும் ஏப்ரல் நடுவிலுமாக நான்கு முறை சில்லறைக் குறைப்பும் கிடைத்தது. ஏப்ரல் 6 ஆந் தேதி நாம் வாக்களித்தோம். வங்காளத்தார் வாக்களித்து முடிய மாதக் கடைசி ஆயிற்று. மே 2 ஆந் தேதி எண்ணிக்கை. மே 4 ஆந் தேதி பெட்ரோல் 15 பைசாவும் டீசல் 18 பைசாவும் உயர்ந்தன. ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆற்றைக் கடக்கும் வரையில் அண்ணன் தம்பி. கடந்தபின் நீ யார், நான் யார் என்ற பழமொழியை நம் பாட்டிமார் எந்தத் தேர்தலைக் கண்டு சொன்னார்களோ தெரியவில்லை.

இக்குற்றம் ஒரு கட்சிக்கே உரியது என்று யாரேனும் மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டியது நம் கடமை. பெட்ரோல் விலையைச் சர்க்காரின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டதாக 2010 ஜூன் மாதம் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முற்போக்குக் கூட்டணி மந்திரிசபை அறிவித்தது. மறு வருஷம் தமிழ்நாட்டிலும் வங்காளத்திலும் கேரளத்திலும் தேர்தல். 2011 மே 13 ஆந் தேதி வாக்குகள் எண்ணப்பட்டன. மே 14 ஆந் தேதி பெட்ரோல் விலை லிட்டருக்கு 5 ரூபாய் ஏறிற்று. விடுதலை பெற்றதாகச் சொல்லப்பட்ட விலை, எண்ணிக்கை முடியும் வரையில் எங்கே காவலில் இருந்தது? அதற்கு முன், 2009 ஆம் ஆண்டுப் பார்லிமெண்டுத் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கையில், ஜனவரி இறுதியில் பெட்ரோல் 5 ரூபாயும் டீசல் 2 ரூபாயும் குறைக்கப்பட்டன. நியாயமாகச் சொன்னால், 2008 ஜூலையில் 147 டாலர் வரையில் ஏறிய கச்சா எண்ணெய் அவ்வாண்டு முடிவதற்குள் 40 டாலர் அருகே விழுந்திருந்தது. குறைப்பதற்குக் காரணம் இருந்தது. ஆனால் ஜூலை மாதம் பிறந்தவுடன் பெட்ரோல் 4 ரூபாயும் டீசல் 2 ரூபாயும் திரும்ப ஏறின. 1973 நவம்பரில் பெட்ரோல் விலை ஏற்றத்தைக் கண்டித்து மாட்டுவண்டியில் பார்லிமெண்டுக்குச் சென்றவர் வாஜ்பாய். மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் பேர்போன நம் சிவகங்கைச் சீமையார் அக்காட்சியை ரசிக்கலாம். ஆனால் வண்டியில் ஏறுகிற கட்சி எது, இறங்குகிற கட்சி எது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

மாகாண சர்க்கார்களும் இந்தக் கலையில் பின்தங்கியவை அல்ல. 2011 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. நவம்பர் நடுவில் பஸ் கட்டணமும் ஆவின் பால் விலையும் ஒரே மூச்சில் உயர்ந்தன. 2021 தேர்தலில் பெட்ரோல் 5 ரூபாயும் டீசல் 4 ரூபாயும் குறைப்போம் என்று தி.மு.க. வாக்களித்தது, ஆகஸ்டு மாத பட்ஜெட்டில் பெட்ரோல் வரி 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அந்த பட்ஜெட்டில் டீசலுக்குக் குறைப்பு இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் தொகை லாரி முதலாளிகளின் தொகையைவிடப் பெரிது என்ற எண்ணம் அதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது நமது ஊகம்.

தேதிகள் இருக்கட்டும். இந்த வித்தை எவ்வாறு நடக்கிறது என்பதே மேலான விஷயம். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பின்னர் புதிய சலுகை எதையும் சர்க்கார் அறிவிக்கக்கூடாது என்று நன்னடத்தை விதி தடுக்கிறது. ஒரு மந்திரி மேடையேறி ‘டீசலில் 5 ரூபாய் குறைத்தேன்’ என்றால் தேர்தல் கமிஷன் நோட்டீசு அனுப்பும். ஆனால் ஏறவேண்டிய 5 ரூபாயை ஏற்றாமல் விட்டுவிட்டால்? அறிவிப்பு இல்லை, கோப்பு இல்லை, கையெழுத்து இல்லை. வாக்காளனுக்கு 5 ரூபாய் சலுகை கிடைத்துவிடுகிறது; கொடுத்தவர் யார் என்று கேட்டால் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. செய்த செயலுக்குத்தான் சட்டத்தில் தண்டனை. செய்யாமல் இருந்த செயலை எந்த ஷரத்தின்கீழ் கொண்டுவருவது? வக்கீல் தொழிலில் பல ஆண்டுகள் கழித்த நமக்கே விடை தோன்றவில்லை. தேதி அறிவிப்புக்கு முந்திய நாள் செய்துவிட்டாலோ இந்தச் சங்கடமும் இல்லை. 2024 மார்ச்சு 8 ஆந் தேதி, பெண்கள் தினத்தன்று, சமையல் எரிவாயு சிலிண்டர் 100 ரூபாய் குறைந்தது. 15 ஆந் தேதி பெட்ரோலும் டீசலும் 2 ரூபாய் குறைந்தன. 16 ஆந் தேதி பார்லிமெண்டுத் தேர்தல் அட்டவணை வெளியாயிற்று.

கம்பெனிகளைக் கேட்டால், விலை நிர்ணயம் தங்கள் சுதந்திரம் என்பார்கள். மந்திரிகளைக் கேட்டால், கம்பெனிகளைக் கேளுங்கள் என்பார்கள். 2018 இல் விலை நின்றது ஏன் என்று கேட்டபோது, ஏற்ற இறக்கத்தைத் தணிப்பதற்காகத் தாற்காலிகமாக நிறுத்தினோம் என்ற பொருள்படக் கம்பெனித் தரப்பில் விளக்கம் வந்தது. 2022 இல் பெட்ரோலிய மந்திரி ஹர்தீப் சிங் புரி, தேர்தலுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்றே சாதித்தார். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்றும் தேசத்தின் பங்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதைத் தம் வசம் வைத்திருக்கின்றன. முதலிரண்டிலும் பெரும்பான்மைப் பங்குகள் மத்திய சர்க்காருடையவை. மூன்றாவதன் பெரும்பான்மையை 2018 முதல் வைத்திருக்கும் ஓ.என்.ஜி.சி.யும் சர்க்கார் கம்பெனியே. டைரக்டர்களை நியமிப்பவர் யார், அவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள் என்பதை விளக்க நேயர்களுக்கு நாம் தேவையில்லை. 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166 ஆம் பிரிவு, டைரக்டர்கள் பங்குதாரர் அனைவரின் நலனுக்காகவும் நல்லெண்ணத்துடன் நடக்கவேண்டும் என்கிறது. பங்குதாரரில் பெரியவர் ஒருவர் தமது தேர்தலுக்காகக் கம்பெனியை நட்டப்படச் செய்தால் சிறிய பங்குதாரர் எங்கே முறையிடுவது?

இன்னொரு நெம்புகோல் வரி. இதைப் பற்றி நம் அரசியல் தொண்டர்கள் போதிய அக்கறை காட்டவில்லை என்பது நமது அபிப்பிராயம். விலையேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. வரி விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 2014 நடுவில் 110 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. அந்த வீழ்ச்சியின் பலன் ஜனங்களுக்கு முழுதும் வந்ததா? 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் மத்திய எக்ஸைஸ் வரி ஒன்பது முறை உயர்ந்தது. பெட்ரோலில் 11 ரூபாய் 77 பைசா, டீசலில் 13 ரூபாய் 47 பைசா. 2020 மே மாதம், ஊரடங்கில் ஜனங்கள் வீட்டுக்குள் இருக்கையில், பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே இரவில் ஏறி, டீசல்மீது மத்திய வரி மட்டும் லிட்டருக்கு 31 ரூபாய் 83 பைசா ஆயிற்று. நமது கயிற்று வியாபாரியின் லாரி ஒரு நடைக்கு மத்திய சர்க்காருக்குச் செலுத்தியது 3,183 ரூபாய் என்று கணக்கு. மாகாணத்தின் விற்பனை வரி இதற்குமேல்.

இந்த வரி குறைந்த தேதியையும் பாருங்கள். 2021 நவம்பர் 2 ஆந் தேதி இடைத்தேர்தல் முடிவுகள் வந்தன. ஹிமாசலப் பிரதேசத்தில் ஆளுங்கட்சி மண்டி பார்லிமெண்டுத் தொகுதியையும் மூன்று சட்டசபைத் தொகுதிகளையும் ஒருங்கே இழந்தது. மறுநாள், வடநாட்டுத் தீபாவளிக்கு முந்திய மாலையில், பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் வரிக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. வாக்காளர் கோபித்துக்கொண்டால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நமக்குக் கிட்டவில்லை. அரசியல் சட்டத்தின் 265 ஆம் ஷரத்து, சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கலாகாது என்கிறது. பார்லிமெண்டு உச்சவரம்பை நிர்ணயித்துக் கொடுத்துவிட்டால், அதற்குள் ஏற்றுவதும் இறக்குவதும் ஓர் அறிவிப்பாணையின் வேலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. மத்திய சர்க்காரும் மாகாண சர்க்கார்களும் கோபித்துக்கொள்ளாமல் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று.

எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது. 2022 மே மாதம் இரண்டாம் முறை வரி குறைந்ததற்குப் பின், 2024 மார்ச்சு வரையில் ஏறக்குறைய 22 மாதங்கள் விலை பெரும்பாலும் ஒரே நிலையில் நின்றது. அவ்வளவு நீண்ட காலத்தைத் தேர்தலால் மட்டும் விளக்க முடியாது. உக்ரைன் யுத்தத்தின் முதல் வேகத்தில் கம்பெனிகள் நட்டத்தைத் தாங்கின. 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தன. அவ்வாறு விலையை அடக்கியிராவிட்டால் சாமான்யன் பட்டிருக்கும் பாடு பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. 2024 பார்லிமெண்டுத் தேர்தல் முடிந்த பின்னும், பலர் எதிர்பார்த்த ஏற்றம் வரவில்லை. ஆகையால் ‘தேர்தல் முடிந்தால் விலை ஏறும்’ என்று மேடைதோறும் சூத்திரம் சொல்லித் திரிவோர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆனால் இதே கணக்கின் மறுபக்கம் ஒன்று உண்டு. கச்சா எண்ணெய் இறங்கிய 2023–24 நிதியாண்டில் அம்மூன்று கம்பெனிகளும் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் லாபம் ஈட்டின. அத்தனை லாபத்துக்கு நடுவிலும் விலை இறங்கியது தேர்தல் அட்டவணைக்கு முந்திய நாளில், அதுவும் 2 ரூபாய். 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மறுபடி வீழ்ந்தபோது, எக்ஸைஸ் வரியை 2 ரூபாய் உயர்த்தி அந்த வீழ்ச்சியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது; பங்கில் விலை மாறவில்லை. முன்பெல்லாம் தேர்தலுக்குப் பின் வரும் ஏற்றத்தில் அரசியல் தெரிந்தது. இப்போது, தேர்தல் இல்லாத நாட்களில் வராத இறக்கத்தில் அது தெரிகிறது.

ஆட்சியாளர் தேர்தலை முன்னிட்டுப் பொருளாதாரத்தை முறுக்குவதும் தளர்த்துவதும் நம் தேசத்தின் தனிச்சொத்து அல்ல. வில்லியம் நார்ட்ஹவுஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1975 லேயே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். 2022 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தல் வரவிருந்தது. மார்ச்சு 31 ஆந் தேதி ஜனாதிபதி பைடன், தேசத்தின் எண்ணெய்ச் சேமிப்பிலிருந்து ஆறு மாதத்தில் 18 கோடி பீப்பாயைச் சந்தைக்கு விடுவதாக அறிவித்தார். அதில் அரசியல் இல்லை என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆயினும் அதைச் செய்தவர் தம் பெயரைச் சொல்லிச் செய்தார். எதிர்த்தவர்கள் அவர் பெயரைச் சொல்லி எதிர்த்தார்கள். இலங்கையில் 2018 மே மாதம் எண்ணெய் விலைக்கு ஒரு சூத்திரம் வகுத்தார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 2022 இல் யாழ்ப்பாணம் முதல் மாத்தறை வரையில் ஜனங்கள் எண்ணெய்க்காக இரவு பகலாக வரிசையில் நின்றதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லோம். ஆனால் கணக்கை ஒத்திப்போடுவது கணக்கைத் தீர்ப்பதாகாது என்பதை நம் சகோதரர்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றார்கள்.

விலையை அடக்கவே கூடாது என்பது நமது கட்சி அன்று. யுத்தமோ பஞ்சமோ வந்தால் சர்க்கார் குறுக்கிடத்தான் வேண்டும். ஆனால் அதைப் பகிரங்கமாகச் செய்யட்டும். அதற்கு வழி இல்லாமலில்லை. 2022 அக்டோபரில், சமையல் எரிவாயுவை அடக்கவிலைக்குக் குறைத்து விற்றதால் நேர்ந்த நட்டத்துக்காக மூன்று கம்பெனிகளுக்கும் 22,000 கோடி ரூபாய் மானியம் தர மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. அங்கே தொகை தெரிந்தது, கொடுப்பவர் தெரிந்தது, பார்லிமெண்டில் கேள்வி கேட்க இடம் இருந்தது. டீசலுக்கும் அவ்வாறே, விலையை நிறுத்தவேண்டுமென்று சர்க்கார் கருதினால் எழுத்தில் உத்தரவிடட்டும். நட்டத்தைப் பட்ஜெட்டில் காட்டட்டும். சூத்திரப்படி இன்று இருக்கவேண்டிய விலை இது, நாங்கள் விற்கும் விலை இது என்று இரண்டையும் ஒவ்வொரு பங்கிலும் ஒரே பலகையில் எழுதிவைக்கக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் தேர்தல் மாதத்தில் எவ்வளவு, மற்ற மாதத்தில் எவ்வளவு என்று மக்களே கூட்டிக் கழித்துக்கொள்வார்கள். வாக்குக் கேட்டு இவ்வூருக்கு வரும் அபேட்சகர்களிடம், எந்தக் கட்சியாராயினும், இந்தப் பலகைக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டியது தொண்டர்களின் வேலை. விலையைக் குறைப்பீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை.

கயிற்று வியாபாரிக்கு நாம் செய்யக்கூடியது சிறிதே. அவருடைய புதிய ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்த்துக் கொடுத்தோம்: ஒப்பந்தத் தேதியன்று சிங்கம்புணரிப் பங்கில் உள்ள டீசல் விலை 2 ரூபாய்க்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும், வாடகைப் பகுதி அந்த விகிதத்தில் திருத்தப்படும் என்பது அது. நார் வாங்கும் இருவரிடம் அவர் அதைக் காட்டினார். ஒருவர் கையெழுத்திட்டார். மற்றவர், தேர்தல் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றாராம்.